பழி ஓரிடம், பாவம் ஓரிடம்

சனிக்கிழமை காலைகளில் எமது பிள்ளைகள் பலர் ஸ்ட்ரெதம் ஹை ரோட்டின் வாகன நெரிசலைக் கடந்தே தமிழ் வகுப்புக்கு வந்து சேர்கின்றனர். சென்ற மாரிகாலத்தில் ஒருநாள் எமது காரும் அந்நெரிசலில் நின்றது. சிவப்பு விளக்கில் நிற்குந்தோறும் எஞ்சின் நடுங்கியது; முன்பலகையில் மஞ்சள் நிற எஞ்சின் விளக்கு எரிந்தது. திருத்துமிடம் ஒன்றில் கருவியைப் பொருத்திப் பார்த்து, "ஒட்சிசன் உணரி பழுது" என்றனர். புதிய உணரிக்குப் பணம் கொடுத்தோம். மூன்றாம் நாள் அதே விளக்கு மீண்டும் எரிந்தது. ஈற்றில் வேறொருவர் கண்டுபிடித்த உண்மைக் காரணம், வெடித்துப்போன சிறியதோர் இறப்பர்க் குழாயாகும்.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பது நம்மவர் பழமொழி. ஒட்சிசன் உணரி பல வேளைகளில் குற்றவாளியன்று; குற்றத்தைக் கண்டு சொல்லும் சாட்சியே. இதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஒரு கிலோ பெற்றோல் முற்றாக எரிவதற்கு ஏறத்தாழ 14.7 கிலோ காற்று வேண்டும். எரிந்த புகையில் எவ்வளவு ஒட்சிசன் எஞ்சியுள்ளது என்பதைப் புகைக்குழாயில் உள்ள உணரி அளந்து, காரின் கணினிக்கு அறிவிக்கின்றது. ஒட்சிசன் மிகுந்தால் ஏறத்தாழ 0.1 வோல்ட் மின்னழுத்தமும், குறைந்தால் 0.9 வோல்ட் மின்னழுத்தமும் அதில் உண்டாகும். அதற்கேற்பக் கணினி பெற்றோலைக் கூட்டியும் குறைத்தும் கொடுக்கின்றது. பொஷ் நிறுவனத்தின் இந்த உணரி 1976 ஆம் ஆண்டில் வொல்வோ கார்களில் முதன்முதலாகப் பயன்பாட்டுக்கு வந்தது. பிரித்தானியாவில் 1993 முதல் புதிய பெற்றோல் கார்களில் புகையைச் சுத்திகரிக்கும் கற்றலிற்றிக் கன்வேர்ட்டர் கட்டாயமாக்கப்பட்டது. காற்றும் பெற்றோலும் சரியான அளவில் கலந்தாலன்றி அது தன் பணியைச் செவ்வனே செய்யாது. ஆதலால் உணரியும் இன்றியமையாததாயிற்று.

அவ்வாறாயின் பழி ஏன் உணரியின்மேல் விழுகின்றது? ஒரு சிலிண்டரில் தீப்பொறி தவறினால், அங்கு பெற்றோல் மட்டுமன்றி ஒட்சிசனும் எரியாமல் வெளியேறும். உணரி அந்த ஒட்சிசனை உள்ளவாறே அறிவிக்கும். கணினியோ பெற்றோல் போதவில்லை என்றெண்ணி மேலும் பெற்றோலை ஊற்றும். சாட்சி பொய் கூறவில்லை. கேட்டவரே தவறாக விளங்கிக்கொண்டார்.

எனவே சோதனையை ஒழுங்குமுறையாகச் செய்தல் வேண்டும்.

முதலாவதாக, நடுக்கம் எப்போது தோன்றுகின்றது எனக் கவனித்தல் வேண்டும். உணரி ஏறத்தாழ 300 பாகை செல்சியசுக்கு மேல் சூடேறிய பின்னரே சரிவரத் தொழிற்படும். அதுவரை கணினி அதன் சொல்லைக் கேட்பதில்லை. குளிர்ந்த எஞ்சினை இயக்கிய கணமே நடுக்கம் இருப்பின், காரணத்தை வேறிடத்தில் தேடுதலே அறிவுடைமை.

இரண்டாவதாக, கார் நிற்கையில் நடுங்கி, எஞ்சின் நிமிடத்திற்கு 2,500 சுற்று அளவில் ஓடும்போது நடுக்கம் மறைந்தால், காற்றுக் கசிவை ஐயுறலாம். எஞ்சின் மிகுதியாகக் காற்றை உறிஞ்சும்போது சிறு கசிவு பொருட்படுத்தத்தக்கதன்று.

மூன்றாவதாக, ஸ்பார்க் பிளக்குகளையும் கொயில்களையும் பார்த்தல் வேண்டும். கருவி காட்டும் 0301 என்ற எண் முதலாம் சிலிண்டரையும், 0302 இரண்டாம் சிலிண்டரையும் குறிக்கும். 0171 என்பது, கலவையில் பெற்றோல் போதவில்லை என்று மட்டுமே கூறும். எப்பகுதி பழுது என்று கூறாது.

நான்காவதாக, உணரிக்கு முன்னால் புகைக்குழாயில் வெடிப்பு உண்டா எனப் பார்த்தல் வேண்டும். அவ்வழியே புகும் வெளிக்காற்று உணரியை ஏமாற்றிவிடும்.

இவையனைத்தும் பழுதற்றிருந்தால் மட்டுமே உணரியைச் சோதித்தல் வேண்டும். சூடேறிய எஞ்சினில் பழைய வகை உணரியின் மின்னழுத்தம் 0.1 க்கும் 0.9 க்கும் இடையே விரைவாக ஏறி இறங்க வேண்டும். ஓரிடத்தில் நிலைத்து நின்றால் உணரியை ஐயுறலாம். புதிய வகை உணரிகள் இவ்வாறு ஊசலாடுவதில்லை; அவற்றைத் தயாரிப்பாளரின் அளவுகளோடு ஒப்பிடுதல் வேண்டும்.

மாணவச் செல்வங்களே, பூட்டிய கராஜினுள் எஞ்சினை ஒருபோதும் இயக்கலாகாது. நிறமும் மணமுமற்ற காபனோரொட்சைட்டு வாயு உயிரைக் குடிக்கும். பெற்றோரே, எஞ்சின் விளக்கு விட்டு விட்டு எரிந்தால் வேகத்தைக் குறைத்துப் பாதுகாப்பான இடத்தில் நிறுத்துங்கள். எரியாத பெற்றோல் கன்வேர்ட்டரையே அழித்துவிடும். 2018 மே 20 முதல், இவ்விளக்கு எரியும் பெரும்பாலான கார்கள் எம்.ஓ.ரி. சோதனையில் சித்தியடைவதில்லை.

எனினும் இது பணத்தைப் பற்றியது மட்டுமன்று. ஸ்ட்ரெதம் ஹில் வழியே செல்லும் சவுத் சேர்க்குலர் வீதி லூவிஷத்தையும் ஊடறுத்துச் செல்கின்றது. அவ்வீதியருகே வாழ்ந்த எல்லா அடூ கிஸ்ஸி டெப்ரா என்னும் ஒன்பது வயதுச் சிறுமி 2013 ஆம் ஆண்டில் ஆஸ்துமாவினால் உயிரிழந்தாள். காற்று மாசும் அம்மரணத்துக்குக் காரணம் என 2020 டிசம்பரில் மரண விசாரணை அதிகாரி தீர்ப்பளித்தார். நடுங்கும் எஞ்சின் கக்கும் புகையைச் சுவாசிப்போர், வகுப்பு வாசலில் நிற்கும் எமது பிள்ளைகளே.

ஆகவே, அடுத்த முறை ஒருவர் "உணரியை மாற்றுங்கள்" என்றால், "எந்தச் சோதனையால் அதனைக் கண்டீர்கள்?" என்று பணிவோடு கேட்போம். சாட்சியைத் தண்டியாது குற்றத்தைத் தேடுவோம். அப்பழக்கம் காருக்கு மட்டுமன்றி, வாழ்க்கைக்கும் நன்று.