கோமுகியும் மணிபல்லவமும்

கல்வராயன் மலையில் பெய்யும் மழை பல ஓடைகளாய் இழிந்து, அடிவாரத்தில் ஓர் ஆறாகத் திரண்டு, கச்சிராயபாளையத்தை அடுத்த அணையில் தேங்கி, கள்ளக்குறிச்சி வட்டாரத்து வயல்களை வளம்படுத்துகின்றது. அவ்வாற்றின் பெயர் கோமுகி. பின்னர் அது மணிமுத்தாற்றோடு கலந்து, வெள்ளாற்றிற் புகுந்து, பரங்கிப்பேட்டையருகே கடலை அடைகின்றது. கோமுகி என்பது பசுவின் முகம் என்று பொருள்படும் வடசொல். இப்பெயரைத் தமிழ்க் காப்பியத்துள் தேடும் மாணவன், மலையில் அன்று, கடல் நடுவே ஒரு தீவில் அதனைக் காண்பான். மணிமேகலையில் வரும் மணிபல்லவத் தீவின் பொய்கைக்கும் கோமுகி என்பதே பெயர். பெயரளவில் ஒற்றுமை இருப்பதன்றி ஆற்றுக்கும் பொய்கைக்கும் வேறு உறவு இல்லை. ஆயினும், கோமுகிக் கரையில் முப்பதாண்டுக்கு மேல் தமிழ் கற்பித்து ஓய்வு பெற்ற யானும் என் இல்லாளும், மணிபல்லவம் என்று பலராலும் கருதப்படும் நயினாதீவைக் காண அவாவியதற்கு அவ்வொற்றுமையே காரணமாயிற்று.

மணிமேகலை சாத்தனார் இயற்றியது. உ. வே. சாமிநாதையர் 1898 ஆம் ஆண்டில் அதனைப் பதிப்பித்து உலகிற்கு அளித்தார். அந்நூலுள் ஆபுத்திரன் கதை ஒன்று உண்டு. அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபி என்னும் பாத்திரத்தைச் சிந்தாதேவியிடம் பெற்ற அவன், மதுரையில் பசித்தோர்க்கெல்லாம் உணவளித்து வந்தான். நாடெங்கும் மழை பெய்து வளம் பெருகவே, அவனிடம் உண்ண வருவார் இலராயினர். சாவக நாட்டில் பஞ்சம் என்று கேள்வியுற்று, வணிகரோடு கப்பலேறினான். காற்று மிகுந்தமையால் கப்பல் மணிபல்லவத்தில் ஒருநாள் தங்கிற்று. தீவைக் காண இறங்கிய அவனும் ஏறிவிட்டான் என்று கருதி, மாலுமிகள் இருளில் பாய் விரித்துச் சென்றுவிட்டனர். கையிலோ உலகத்தையே ஊட்டவல்ல கலம். கண்ணுக்கெட்டிய வரை உண்பதற்கு ஓர் உயிரும் இல்லை. தான் ஒருவன் மட்டும் உண்டு வாழ மனமின்றி, ஆண்டுக்கு ஒருமுறை மேலே தோன்றி அருளறம் பூண்டவர் கையிற் சேர்க என்று கூறிக் கோமுகிப் பொய்கையில் அதனை விட்டு, உண்ணாதிருந்து அவன் உயிர் நீத்தான். அக்கலமே பிற்காலத்தில் மணிமேகலையின் கைக்கு வந்தது.

அம்மணிபல்லவம் எது என்பதில் அறிஞர்கள் ஒருமித்தாரல்லர். காப்பியம் அதனைப் பூம்புகாருக்குத் தெற்கே முப்பது யோசனைத் தொலைவில் வைக்கின்றது. நிலப்படத்தை விரித்துப் பாருங்கள்: பூம்புகாரிலிருந்து ஏறத்தாழ நேர் தெற்கே கோடிழுத்தால் அக்கோடு யாழ்ப்பாணத்துத் தீவுகளைத் தொடும். திசை பொருந்துகின்றது. தொலைவோ 170 கிலோமீட்டர் அளவே. யோசனைக்கு வழங்கும் கணக்குகள் பெரும்பாலானவற்றின்படி முப்பது யோசனை இதனினும் மிகும். யாழ்ப்பாணத் தீபகற்பம் முழுவதையுமே மணிபல்லவம் எனக் கொண்டாரும் உளர். நயினாதீவு என்பது மக்களிடை வேரூன்றிய மரபு. அதனை மரபென்றே கொள்ளுதல் தக்கது.

நாகப்பட்டினத்திற்கும் காங்கேசன்துறைக்கும் இடையே 2023 அக்டோபர் 14 அன்று பயணிகள் கப்பல் தொடங்கிற்று. இடையில் நின்று, 2024 ஆகஸ்டு 16 முதல் மீண்டும் ஓடலாயிற்று. அக்கப்பலிற் சென்று யாழ்ப்பாணத்தில் தங்கி, ஒரு நாளைத் தீவுக்கென ஒதுக்கினோம். காலைப் பேருந்து பண்ணைக் கடல்வழிப் பாதையைக் கடந்து வேலணைத் தீவிற் புகுந்து, அங்கிருந்து மற்றொரு கடற்பாதையாற் புங்குடுதீவை அடைந்து, அதன் மேலைக் கரையிலுள்ள குறிகட்டுவான் துறையில் எங்களை இறக்கிற்று. இருபுறமும் ஆழமற்ற கடல். நடுவே பனைமரக் கூட்டங்கள். படகின் உள்வயிற்றில் இறங்கித்தான் அமர வேண்டும். கால் மணி நேரத்திற்குச் சற்று மேலாயிற்று. நயினாதீவின் கோபுரம் அலைகளுக்கு மேலே எழுந்து நின்றது.

"ஆறு ஒன்றையும் காணோமே, இங்குள்ளார் எந்நீரை அருந்துவர்?" என்றாள் மலையடிவாரத்துப் பெண்ணாகிய என் இல்லாள். நல்ல வினா. யாழ்ப்பாணத்திலும் அதன் தீவுகளிலும் வற்றாத ஆறு இல்லை. நிலம் சுண்ணாம்புக் கல்லால் ஆனது. மழைநீர் அக்கல்லின் துளைகள் வழியே ஊறி, கீழிருக்கும் கடல்நீரின் மேல் மெல்லிய படலமாய் மிதந்து நிற்கும். நன்னீர் எடை குறைந்தது ஆதலின் எளிதிற் கலவாது. கிணறு அப்படலத்தைத் தொடுமளவில் இருந்தால் இனிய நீர். அளவு கடந்து இறைத்தால் உப்புநீர் மேலேறும். கடல் சூழ்ந்த தீவில் ஒரு நன்னீர்ப் பொய்கை கப்பலோட்டிகளுக்கு எத்துணை அரியது என்பதை இதனால் உணரலாம். சாவகம் செல்லும் கலம் மணிபல்லவத்தில் தங்கியதாகச் சாத்தனார் புனைந்தது கடல் வழக்கம் அறிந்த புனைவே.

துறையின் எதிரிலேயே நாகபூசணி அம்மன் கோயில். பழைய கோயிலைப் போர்த்துக்கேயர் 1620 இல் இடித்தனர் என்றும், 1788 இல் அது மீண்டும் கட்டப்பெற்றது என்றும் கூறுவர். வழிபாடு முடிந்து வெளிவந்தோரெல்லாம் அன்னதான மண்டபத்தை நோக்கிச் சென்றனர். அதன் பெயர் அமுதசுரபி! வந்தவர் யார், எவ்வூரார் என்று எவரும் வினவவில்லை; சோறும் கறிகளும் வரிசை வரிசையாகப் படைக்கப்பட்டன. ஆபுத்திரன் உண்பாரின்றி வருந்திய தீவு இதுவேயாயின், அவன் குறை இன்று நாள்தோறும் தீர்க்கப்படுகின்றது. "அவன் இன்னொரு கப்பல் வரும்வரை காத்திருக்கலாகாதா?" என்று என் இல்லாள் கேட்டாள். சோறு வடித்து நாற்பதாண்டு பிறர்க்கு இட்டவள் கேட்கும் கேள்வி அது. சாத்தனார் அதற்கு விடை கூறவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

காப்பியத்தை விட உறுதியான சான்று ஒன்று இக்கோயிலில் உண்டு. அது 12 ஆம் நூற்றாண்டில் இலங்கையை ஆண்ட முதலாம் பராக்கிரமபாகுவின் தமிழ்க் கல்வெட்டு. வரலாற்றறிஞர் கா. இந்திரபாலா அதனை ஆராய்ந்து 1963 இல் கட்டுரை வெளியிட்டார். கல்வெட்டின் கருத்து இது: பிறநாட்டார் ஊராத்துறையில் வந்து தங்குக, அவர்களுக்குக் காவல் அளிக்கப்படும். யானையும் குதிரையும் கொண்டு வரும் கலங்கள் உடைந்தால், நாலில் ஒரு கூறு பண்டாரத்திற்கும் மூன்று கூறு உடையவனுக்கும் ஆகும். பிற சரக்கேற்றிய கலங்கள் உடைந்தால் பாதி பண்டாரத்திற்கு, பாதி உடையவனுக்கு. பண்டாரம் என்றது அரசனின் கருவூலத்தை. ஊராத்துறையே இன்றைய ஊர்காவற்றுறை. காலையில் நாங்கள் கடந்த வேலணைத் தீவின் மறுமுனையில் உள்ளது.

கலமும் உடைந்து, பொருளும் நனைந்து கரையேறியவனிடம் பாதியைக் கொள்வது நீதியோ என்று நீங்கள் கேட்கக் கூடும். அக்காலத்தில், கரையொதுங்கிய பொருள் முழுவதையும் அரசர் கவர்ந்துகொள்ளும் வழக்கம் பல கடற்கரைகளில் இருந்தது. ஆந்திர நாட்டு மோட்டுப்பள்ளித் துறையில் காகதீய மன்னன் கணபதிதேவன் 13 ஆம் நூற்றாண்டில் வெட்டுவித்த சாசனம், முன்னை அரசர் அவ்வாறு கவர்ந்ததைச் சொல்லி, தான் தீர்வை மட்டுமே கொள்வதாக அறிவிக்கின்றது. அதனோடு ஒப்பிட்டால் பராக்கிரமபாகுவின் கை சற்று இறுகியதே. யானை குதிரைக்கு மட்டும் சலுகை தந்தது, படைக்கு அவை வேண்டியிருந்தமையால் என்க. எனினும் உடையவன் இழப்பதற்கு ஓர் எல்லை வகுத்து, அதனை வணிகர் அறியக் கல்லிற் பொறித்தானே, அது சிறிதன்று. சிங்கள நாட்டரசன் தன் ஆணையைத் தமிழில் பொறித்ததும் கருதத்தக்கது. அத்துறைக்கு வந்த வணிகருள் தமிழறிந்தோர் மிக்கிருந்தனர் என்பது அதனாற் பெறப்படும்.

கோயிலிலிருந்து சிறிது தூரம் நடந்தால் நாகதீப விகாரை. மணியாசனம் ஒன்றிற்காகப் போரிட்ட நாகமன்னர் இருவரைப் புத்தர் வந்து அமைதிப்படுத்தினார் என்னும் கதையை மகாவம்சமும் கூறும், மணிமேகலையும் கூறும். மகாவம்சம் அவ்விருவரையும் மாமன் மருகன் என்கின்றது. அந்நிகழ்ச்சியின் இடமாக எண்ணி, இலங்கையின் தென்பகுதியிலிருந்து சிங்கள மக்கள் வெள்ளாடை உடுத்து இங்கு வருகின்றனர். 1983 முதல் 2009 வரை நடந்த போர்க்காலத்தில் இத்தகைய பயணம் எளிதாயிருக்கவில்லை.

மாலைப் படகு விகாரைத் துறையில் நின்றபோது, வெண்ணிற ஆடையணிந்த மூதாட்டியர் சிலர் ஏறினர். படகின் வயிற்றில் இடம் குறைவு. என் இல்லாள் நெருங்கி அமர்ந்து ஒருவருக்கு இடமளித்தாள். அம்மையார் தம் பையிலிருந்து தாமரை மொட்டு ஒன்றை எடுத்து அவள் கையில் வைத்தார். இருவருக்கும் பொதுமொழி இல்லை. குறிகட்டுவானில் இறங்கியபோது யாழ்ப்பாணம் செல்லும் பேருந்து புறப்பட ஆயத்தமாய் நின்றது.