பழைய கடன் வேலையைக் கெடுக்குமா?

ஹைதராபாத் அமீர்பேட்டை, தில்சுக்நகர் விடுதிகளில் தங்கி வங்கித் தேர்வுக்குப் படிப்பவர்களுக்கும், கச்சிபௌலி, மாதாப்பூர் பக்கம் வேலை தேடி வந்திருக்கும் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கும் ஒரே கவலை: சிபில் கடன் மதிப்பெண் சரியில்லை என்றால் வேலை போய்விடுமா? எந்த வேலைக்குப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. வங்கி வேலை என்றால் அது கைவிட்டுப் போகலாம். போயும் இருக்கிறது.

பாரத ஸ்டேட் வங்கி 2020 ஜூலையில் வட்டார அளவிலான அதிகாரி பணிக்கு ஆள் எடுக்க அறிவிப்பு வெளியிட்டது. தமிழ்நாட்டைச் சேர்ந்த ஒருவர் தேர்வெழுதி, நேர்காணலிலும் தேறி, பணி நியமன உத்தரவையும் பெற்றுவிட்டார். 2021இல் வங்கி அந்த உத்தரவை ரத்து செய்தது. காரணம், அவருடைய கடன் அறிக்கையில் இருந்த தவணைத் தவறுகள். அவர் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார். அறிவிப்பு வந்த நாளிலேயே எனக்கு எந்தப் பாக்கியும் இல்லை, எல்லாவற்றையும் கட்டி முடித்துவிட்டேன் என்பது அவர் வாதம். 2025 ஜூனில் நீதிபதி என். மாலா அந்த மனுவைத் தள்ளுபடி செய்தார். கடன் தவணை தவறியவர்களும் சிபில் போன்ற நிறுவனங்களின் பாதகமான அறிக்கை உள்ளவர்களும் தகுதியற்றவர்கள் என்று அறிவிப்பிலேயே நிபந்தனை இருந்தது. மக்கள் பணத்தைக் கையாளும் இடத்தில் நிதி ஒழுக்கத்தை வங்கி எதிர்பார்ப்பதில் தவறில்லை என்றது தீர்ப்பு.

இந்த வழக்கில் கவனிக்க வேண்டியது ஒன்றுதான். கடனைக் கட்டிவிட்டேன் என்பது போதவில்லை; உரிய நாளில் கட்டினீர்களா என்று பார்த்தார்கள். கடன் அறிக்கையில் கடந்த 36 மாதங்களுக்கு, மாதவாரியாக எத்தனை நாள் தாமதம் என்று பதிவாகியிருக்கும். கடன் தகவல் நிறுவனங்கள் இந்தப் பதிவுகளைக் குறைந்தது 7 ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்பது விதி. 300 முதல் 900 வரை போகும் அந்த மதிப்பெண் இவற்றிலிருந்துதான் பிறக்கிறது.

மற்றப் பொதுத்துறை வங்கிகளுக்கு ஆள் எடுக்கும் ஐ.பி.பி.எஸ். 2023இல் பணியில் சேரும்போது 650 மதிப்பெண் வேண்டும் என்றது. அடுத்த ஆண்டு அந்த எண் நீக்கப்பட்டது. ஆனாலும் பாக்கி இருந்தால் அதைத் தீர்த்துப் பதிவைச் சரிசெய்ய வேண்டும், அல்லது கடன் கொடுத்தவரிடமிருந்து நிலுவை இல்லை என்ற சான்று கொண்டுவர வேண்டும். தவறினால் நியமனம் ரத்தாகலாம். எண்ணைவிட நிலுவைதான் முக்கியம் என்ற இந்த மாற்றம் நியாயமானது.

திவால் விஷயம் இதைவிடக் கடுமையானது. ஆந்திரம், தெலங்கானாவில் ‘ஐ.பி. போட்டுவிட்டான்’ என்பார்கள், நம் ஊரில் மஞ்சள் கடுதாசி. தனிநபர் திவாலுக்கான புதிய சட்டப் பகுதி, நிறுவனக் கடனுக்குப் பிணை நின்றவர்களுக்கு மட்டும் 2019 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. மற்றவர்களுக்கு ஹைதராபாத்தில் இன்றும் 1920ஆம் ஆண்டின் மாகாண நொடிப்புச் சட்டம்தான். சென்னை நகருக்கு 1909ஆம் ஆண்டுச் சட்டம். வங்கி ஒழுங்குமுறைச் சட்டத்தின் 10ஆவது பிரிவு, திவாலானவர் என்று எப்போதாவது அறிவிக்கப்பட்டவரையோ, கடன் கொடுத்தவர்களோடு சமரசம் செய்து குறைத்துத் தீர்த்தவரையோ வங்கி வேலையில் வைத்துக்கொள்ளக் கூடாது என்கிறது. திவாலிலிருந்து விடுவிக்கப்பட்டாலும் அந்தத் தடை நீங்குவதில்லை. நிறுவன இயக்குநர் பதவிக்கான தடை, திவாலிலிருந்து விடுவிக்கப்படும் வரைதான். மத்திய அரசு ஊழியரின் நடத்தை விதி 17, கடனிலேயே உழலும் நிலையைத் தவிர்க்க வேண்டும், கடனுக்காக வழக்கு வந்தால் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது.

தனியார் வேலைக்கு வருவோம். சாதாரண மென்பொருள் நிறுவனமோ மருத்துவமனையோ உங்கள் கடன் அறிக்கையைத் தானாக எடுத்துப் பார்த்துவிட முடியாது. 2005ஆம் ஆண்டின் கடன் தகவல் நிறுவனங்கள் சட்டம் அந்தக் கதவை முதன்மையாகக் கடன் கொடுப்பவர்களுக்குத்தான் திறந்திருக்கிறது. அதனால் உங்களிடமே அறிக்கை கேட்பார்கள், அல்லது பின்புலச் சரிபார்ப்புப் படிவத்தில் ஒப்புதல் கையெழுத்து வாங்குவார்கள். நிதித் துறை வேலைகளில் இது வழக்கம். படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

அமெரிக்காவில் இப்படி அறிக்கை எடுக்க எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும். அதை வைத்து மறுப்பதானால் முதலில் அறிக்கையின் நகலைக் கொடுக்க வேண்டும். கலிபோர்னியா, இல்லினாய், வாஷிங்டன் போன்ற மாநிலங்கள் பெரும்பாலான வேலைகளுக்கு இந்தச் சோதனையையே கட்டுப்படுத்திவிட்டன. நமக்கும் அப்படி ஒரு சட்டம் வேண்டும். பணப்பெட்டியைக் கையாளும் காசாளரிடம் கடன் வரலாறு கேட்பதைப் புரிந்துகொள்ள முடிகிறது. தட்டச்சு செய்கிறவரிடமும் காவல் நிற்கிறவரிடமும் எதற்கு? தவணை தவறியது அறிக்கையில் தெரியும். அப்பாவின் அறுவைச் சிகிச்சைக்காகத் தவறியதா, சம்பளம் நின்றதால் தவறியதா என்பது அதில் தெரியாது. கடனில் இருப்பவருக்கு வேலையை மறுத்தால் அந்தக் கடன் எப்படித் தீரும்?

சட்டம் வரும் வரை நம் கையில் இருப்பதைச் செய்யலாம். சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் ஆகிய நான்கு நிறுவனங்களும் ஆண்டுக்கொரு முறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். நீங்களே பார்த்தால் மதிப்பெண் குறையாது. விண்ணப்பம் போடுவதற்குப் பல மாதங்கள் முன்பே வாங்கிப் பாருங்கள். நீங்கள் வாங்காத கடன் உங்கள் பெயரில் இருக்கலாம்; கைப்பேசிச் செயலியில் அவசரத்துக்கு வாங்கிய ஐயாயிரம் ரூபாய்கூட ஏதோ ஒரு நிதி நிறுவனத்தின் பெயரில் அங்கே நிற்கலாம்.

தவறு இருந்தால் உடனே எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் தீர்க்காவிட்டால், தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்ற ரிசர்வ் வங்கியின் விதி 2024 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கிறது. அதற்கும் அசையவில்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், கட்டணம் இல்லை.

வசூலிக்க வருபவர் ‘பாதியைக் கட்டுங்க, முடிச்சுடலாம்’ என்று சொல்லும்போது மட்டும் மிகவும் கவனமாக இருங்கள். அப்படி முடித்த கடன் அறிக்கையில் ‘செட்டில்டு’ என்று பதிவாகும். முழுதாகக் கட்டிய கடன்தான் ‘குளோஸ்டு’ ஆகும். வங்கி வேலைக்குப் படிக்கிறவர் என்றால், எப்படியாவது முழுத் தொகையையும் கட்டி, நிலுவை இல்லை என்ற சான்றை வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். ஏற்கெனவே ‘செட்டில்டு’ ஆகியிருந்தாலும் மீதியைக் கட்டிப் பதிவை மாற்றித் தரும்படி வங்கியிடம் கேட்கலாம். நேர்காணலில் கேட்டால் மறைக்காதீர்கள். என்ன நடந்தது, எப்போது கட்டி முடித்தீர்கள் என்பதைச் சான்றோடு சொல்லுங்கள்.