கப்பலேறி வந்த மீனும் காக்களூர் விராலும்

கரையோரம் - 9

காக்களூர் சிட்கோவில் முதல் ஷிஃப்ட் முடித்துவிட்டு ஏரிக்கரைக்கு வரும் பையன்கள், தக்கை அசையக் காத்திருக்கும் நேரத்தில் செல்பேசியில் வீடியோ பார்ப்பார்கள். வெளிநாட்டு ஓடை ஒன்றில் முழங்கால் தண்ணீரில் ஒருவர் நிற்கிறார். அவர் தலைக்கு மேல் நீளமான நூல் முன்னும் பின்னுமாக வளைந்து பறக்கிறது. நுனியில் இருக்கும் பூச்சி தண்ணீரில் மெல்ல விழுந்ததும், உடம்பெல்லாம் புள்ளி போட்ட மீன் ஒன்று எகிறிக் கவ்வுகிறது. "அண்ணே, இந்த மீனைக் கொண்டாந்து நம்ம ஏரியில விட்டா வளருமா?" என்று போன மாதம் ஒரு தம்பி கேட்டான். அவனுக்குக் கரையில் சொன்ன பதிலைக் கொஞ்சம் விரிவாகவே இந்த வாரம் எழுதுகிறேன்.

வளராது. அந்த மீனின் பெயர் டிரவுட். குளிர்ந்து ஓடும் தண்ணீர்தான் அதற்கு உயிர். 10 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் தண்ணீர் சுமார் 11 மில்லிகிராம் ஆக்சிஜனைக் கரைத்து வைத்திருக்கும். 30 டிகிரியில் அது ஏழரை மில்லிகிராமுக்கு இறங்கிவிடும். அதுவும் பாசியோ கழிவோ கலக்காத சுத்தமான தண்ணீருக்குத்தான் இந்தக் கணக்கு. 20 டிகிரியைத் தாண்டினாலே டிரவுட்டுக்குச் சிரமம். திருவள்ளூரின் மே மாத வெயிலில் ஏரித் தண்ணீர் எப்படிச் சுடும் என்று கால் வைத்தவர்களுக்குத் தெரியும்.

ஆனால் இதே தமிழ்நாட்டில் டிரவுட் வாழும் ஓடைகள் இருக்கின்றன. ஊட்டியைத் தாண்டி அவலாஞ்சி, அப்பர் பவானி, முக்குருத்தி என்று 2,000 மீட்டருக்கு மேல் இருக்கும் பகுதிகள் அவை. இந்த மீன் அங்கே தானாக வரவில்லை. அதைக் கொண்டுவருவதற்கு ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஆனது.

நீலகிரியில் குடியேறிய வெள்ளைக்காரர்களுக்கு அந்தப் புல்வெளியும் ஓடையும் சொந்த ஊரை நினைவூட்டின. ஓடையில் டிரவுட் மட்டும் இல்லை. சென்னை ராணுவத்தில் மருத்துவராக இருந்தவர் ஃபிரான்சிஸ் டே. பிற்காலத்தில் இந்திய மீன்களைப் பற்றிய பெரிய நூலை எழுதியவரும் இவர்தான். 1860-களில் இங்கிலாந்திலிருந்து டிரவுட் முட்டைகளை வரவழைத்துப் பார்த்தார். தோல்வியில் முடிந்தது. அவருக்குப் பின்னும் பலர் முயன்றார்கள். மீன் நிலைக்கவில்லை.

முட்டையை அனுப்புவதில் என்ன கஷ்டம் என்று தோன்றலாம். டிரவுட் முட்டை கருவுற்ற சில நாட்களில் லேசாகக் குலுங்கினாலும் செத்துவிடும். சில வாரங்கள் கழித்து ஓட்டுக்குள் இரண்டு கறுப்புப் புள்ளிகள் தெரியும். அவை குஞ்சின் கண்கள். அந்தக் கட்டத்தில்தான் முட்டை பயணத்தைத் தாங்கும். அப்போதும் வெப்பம் ஏறினால் வழியிலேயே பொரிந்து வீணாகும். 1864-ல் இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்குப் போன 'நார்ஃபோக்' என்ற கப்பலில் ஜேம்ஸ் யூல் என்பவர் இதற்கு வழி கண்டார். ஈரப் பாசியில் முட்டைகளைப் பொதிந்து, மரப்பெட்டியில் அடுக்கி, கப்பலின் பனிக்கட்டி அறையில் வைத்தார். மூன்று மாதப் பயணத்துக்குப் பிறகும் உயிரோடிருந்த முட்டைகள் டாஸ்மேனியா போய்ச் சேர்ந்தன. அதன்பின் டிரவுட் உலகம் சுற்றத் தொடங்கியது. 1880-களில் இலங்கையின் நுவரெலியாவுக்கு வந்தது. 1900-ல் ஸ்காட்லாந்து முட்டைகள் காஷ்மீருக்கு வந்தன. அதற்கு முந்தைய ஆண்டு அனுப்பிய தொகுதி வழியிலேயே அழிந்துபோயிருந்தது.

நீலகிரிக்கு விடிவு பிறந்தது எச்.சி. வில்சன் என்ற மீன் வளர்ப்பு நிபுணரைச் சென்னை அரசு பணியில் அமர்த்திய பிறகுதான். 1907-ல் அவலாஞ்சியில் பொரிப்பகம் கட்டப்பட்டது. ஃபிரெடரிக் நிக்கல்சன் தலைமையில் சென்னை மாகாணத்தின் மீன்துறைக்கு வித்திட்டதும் அதே ஆண்டில்தான். ஐரோப்பாவின் பழுப்பு டிரவுட்டை நம்பியே முன்னவர்கள் தோற்றிருந்தார்கள். வில்சனுக்குக் கைகொடுத்தது அமெரிக்க மேற்குக் கரையின் வானவில் டிரவுட். கலிபோர்னியாவிலிருந்து 1883-ல் நியூசிலாந்துக்குப் போன இனம் அது. நியூசிலாந்திலிருந்தும் இலங்கையிலிருந்தும் முட்டைகள் வந்தன. 1910 வாக்கில் நீலகிரி ஓடைகளில் அது தானே முட்டையிட்டுப் பெருகத் தொடங்கியது.

பொரிப்பக வேலையை ஒருமுறை பக்கத்தில் நின்று பார்த்தால் இந்த மீனுக்கு எவ்வளவு பாடுபட்டிருக்கிறார்கள் என்பது விளங்கும். குளிர்காலத்தில் சினை முற்றிய பெண் மீனை ஈரத்துணியில் பிடித்துக்கொள்வார்கள். கட்டை விரலால் வயிற்றை மேலிருந்து கீழாக மெல்ல வருடினால், ஆரஞ்சு மணிகள்போல முட்டைகள் தட்டில் உதிரும். தட்டில் தண்ணீர் இருக்கக் கூடாது. அதன்மேல் ஆண் மீனின் பால் போன்ற விந்தைப் பிழிந்து, கோழி இறகால் கலக்குவார்கள். கரண்டியால் கலக்கினால் முட்டை நசுங்கும். பிறகு கழுவி, வெளிச்சம் படாத தொட்டியில் பரப்பி, மேலே குளிர்ந்த ஓடைத் தண்ணீர் இரவும் பகலும் ஓடும்படி செய்வார்கள். செத்த முட்டை வெளுத்துவிடும். பூஞ்சை பிடித்துப் பக்கத்து முட்டைகளையும் கெடுக்கும் என்பதால் அவற்றை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுக்க வேண்டும். குஞ்சு பொரிய ஏறத்தாழ ஒரு மாதம் ஆகும்.

இனி அந்த வீடியோவில் பார்த்த தூண்டிலுக்கு வருவோம். அதை ஃப்ளை ஃபிஷிங் என்பார்கள். நம் தூண்டிலில் ஈயக்குண்டோ இரையோ கனமாக இருக்கும். அதை வீசினால் தங்கூசி பின்னாலேயே ஓடும். அங்கே தலைகீழ். முள்ளில் இறகும் நூலும் சுற்றிச் செய்த பூச்சிக்கு எடையே கிடையாது. கனம் முழுவதும் நூலில் இருக்கிறது. கழியை வளைத்து நூலை முன்னும் பின்னும் பறக்கவிட்டு, அந்த வேகத்தில்தான் பூச்சியைக் கொண்டுபோய் வைக்க வேண்டும். டிரவுட் எப்போதும் நீரோட்டத்தை எதிர்த்து முகம் வைத்து நிற்கும், மேலிருந்து மிதந்து வரும் ஈக்களுக்காக. அதனால் ஆள் கீழிருந்து, மீனின் முதுகுப் பக்கமாகப் போவார். பூச்சியை மீனுக்கு மேலே போட்டு, ஓடும் தண்ணீர் எந்த வேகத்தில் கொண்டுவருமோ அதே வேகத்தில் மிதக்கவிட வேண்டும். நூல் கொஞ்சம் இழுத்தாலும் பூச்சி தண்ணீரில் கோடு கிழிக்கும். மீன் திரும்பிக்கூடப் பார்க்காது.

அந்தப் பூச்சியில் நம் மண்ணும் கலந்திருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையில் வாழும் சாம்பல் காட்டுக்கோழிச் சேவலின் கழுத்து இறகுகளில் மெழுகு சொட்டியதுபோல மின்னும் புள்ளிகள் உண்டு. இங்கிலாந்தின் தூண்டில்காரர்கள் பூச்சிக்குக் கண் வைப்பதற்கு அந்த இறகைத்தான் தேடித்தேடி வாங்கினார்கள். அதற்காக எத்தனையோ சேவல்கள் மடிந்தன. இன்று 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அந்தப் பறவையைக் காக்கிறது.

நீலகிரி டிரவுட்டுக்குச் சட்டத்தின் துணை முன்னதாகவே காத்திருந்தது. நீலகிரி வேட்டை விலங்குகள், மீன்கள் பாதுகாப்புச் சட்டம் வந்தது 1879-ல். மீன் வந்து நிலைப்பதற்கு 30 ஆண்டுகள் முன்பே, அதற்கான தடைக்காலத்தை அறிவிக்கும் அதிகாரம் அரசின் கையில் இருந்தது. உரிமம் இல்லாமல் தூண்டில் போட முடியாது. பிடிக்கும் மீனின் அளவுக்கும் எண்ணிக்கைக்கும் வரம்பு உண்டு. 1990-ல் முக்குருத்தி தேசியப் பூங்காவான பிறகு, அங்குள்ள ஓடைகளை நெருங்கவே வனத்துறை அனுமதி வேண்டும்.

இத்தனை ஏற்பாட்டையும் நான் குறை சொல்லவில்லை. ஒரு மீனைக் காப்பாற்ற வேண்டும் என்று முடிவு செய்தால் என்னவெல்லாம் செய்யலாம் என்பதற்கு அவலாஞ்சி சாட்சி. ஆனால் அந்த அக்கறையில் நூறில் ஒரு பங்கு நம் சமவெளி ஏரி மீன்களுக்குக் கிடைத்ததா?

வந்தேறி மீன் என்றால் நம் ஏரிக்கும் ஒன்று வந்தது. ஆப்பிரிக்காவைச் சேர்ந்த திலாப்பியா, நாம் ஜிலேபி என்று வாங்குகிறோமே, அது 1952-ல் இந்தியாவுக்குள் கொண்டுவரப்பட்டது. அதற்குப் பனிக்கட்டி அறை தேவைப்படவில்லை. தாய் மீன் முட்டைகளை வாய்க்குள் வைத்தே பொரிக்கும். சில மாதங்களிலேயே குஞ்சும் தாயாகிவிடும். பூண்டி நீர்த்தேக்கத்திலிருந்து ஊர்க் குட்டை வரை இன்று அதுதான். உலகின் மிக மோசமான 100 ஊடுருவி உயிரினங்கள் என்று பன்னாட்டு வல்லுநர்கள் தொகுத்த பட்டியலில் ஜிலேபியும் இருக்கிறது, டிரவுட்டும் இருக்கிறது. டிரவுட்டைக் குளிர்தான் மலையில் கட்டிப்போட்டிருக்கிறது. ஜிலேபியைத் தடுக்க எதுவும் இல்லை.

இந்தப் போட்டியில் நம் ஏரியின் சொந்தக்காரன் விரால். காற்றைச் சுவாசிக்கும் உறுப்பு அதன் தலைக்குள் இருப்பதால் டிரவுட் செத்துப்போகும் தண்ணீரில் இது நிம்மதியாக வாழும். தெலுங்கானா இதைத் தன் மாநில மீனாகவே அறிவித்திருக்கிறது. சென்னை மாகாணத்தில் அதிகாரியாக இருந்த ஹென்றி சல்லிவன் தாமஸ், 1887-ல் ஏரிகளிலும் குளங்களிலும் தூண்டில் போடுவதற்கென்றே ஒரு தனி நூல் எழுதினார். நம் ஏரி ஓடையைவிட அருமையில் குறைந்ததில்லை என்று அன்றே ஒருவருக்குத் தோன்றியிருக்கிறது.

விரால் தன் குஞ்சை வளர்க்கும் விதம் டிரவுட்டுக்குத் தெரியாது. டிரவுட் கூழாங்கல்லுக்குள் முட்டையைப் புதைத்துவிட்டுப் போய்விடும். விரால் போகாது. மழை பெய்து ஏரி நிறையும்போது கோரைக்கும் ஆகாயத்தாமரைக்கும் இடையில் சின்ன இடத்தைச் சுத்தம் செய்து முட்டையிடும். குஞ்சு பொரிந்ததும் செக்கச்செவேலென்று ஒரு கூட்டம் நீர்ப்பரப்பில் திரளும். காற்றுக்காகக் குஞ்சுகள் மாறி மாறி மேலே வந்து போவதால், மற்ற இடமெல்லாம் அமைதியாக இருக்கும்போது அந்த ஒரு முறம் அகலத்தில் மட்டும் தூறல் விழுவதுபோலத் தண்ணீர் துள்ளும். கீழே தாயும் தகப்பனும் காவல் நிற்கும். தவளை, பாம்பு, வேறு மீன் எது நெருங்கினாலும் பாய்ந்து விரட்டும்.

தூண்டில்காரர்களுக்கு இது தெரியும். ரப்பர் தவளையைக் குஞ்சுக் கூட்டத்தின் மேலே இழுத்தால் பெரிய விரால் கட்டாயம் அடிக்கும். பசியில் அல்ல, பிள்ளைகளைக் காக்க. டிரவுட்காரர் மீனின் பசியை ஏமாற்றுகிறார். அதில் ஒரு திறமை இருக்கிறது, மீனுக்கும் தப்ப வழி இருக்கிறது. குஞ்சு மேய்க்கும் விராலுக்கு அந்த வாய்ப்பே கிடையாது. தாயையும் தகப்பனையும் எடுத்துவிட்டால் அத்தனை குஞ்சுகளும் ஜிலேபிக்கும் கொக்குக்கும் இரை. நான் முதன்முதலில் அப்படித் தூண்டிலை ஓங்கியபோது, கரையில் மாடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர், "தம்பி, அது குஞ்சு மேய்க்குது, அங்க முள்ளைப் போடாதே" என்று தடுத்தார். சட்டம் எதுவும் அவருக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. அந்தச் சொல்லை இன்று கரையில் யாரும் சொல்லக் கேட்பதில்லை.

சட்டத்தில் கொஞ்சம் இருக்கிறது. வெடி வைத்தோ விஷம் கலந்தோ மீன் பிடிப்பதை 1897-ம் ஆண்டின் இந்திய மீன்வளச் சட்டமே தடுக்கிறது. ஒரு குறிப்பிட்ட நீர்நிலையில் இரண்டு ஆண்டுகள் வரை மீன்பிடிப்பையே நிறுத்தி வைக்க விதி செய்யவும் அதில் இடம் உண்டு. கடலுக்கோ, திருவள்ளூர் முதல் கன்னியாகுமரி வரை விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் 61 நாள் தடைக்காலம். பழவேற்காட்டுக்காரர்களுக்கு அது பழகிவிட்டது. ஏரியில் அப்படி ஒரு நாள்கூட யாரும் கடைப்பிடித்து நான் பார்த்ததில்லை. மீன்பாசிக் குத்தகை எடுப்பவர் கட்லா, ரோகு, மிருகால் குஞ்சுகளை வாங்கி விடுகிறார். அவற்றைத் தின்னும் விரால் அவர் கண்ணுக்கு எதிரி. பணம் போட்டவரின் கவலை எனக்குப் புரிகிறது. ஆனால் சந்தையில் கட்லாவைவிட விராலுக்குத்தான் விலை அதிகம் என்பதையும் அவர் எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஏரிக் குத்தகை ஆவணத்தில் ஒரே ஒரு வரி சேர்க்கலாம்: அக்டோபர் முதல் டிசம்பர் வரை விரால் பிடிக்கக் கூடாது. கிராம சபையில் இதை எழுப்புங்கள். தூண்டிலோடு போகும் தம்பிகளே, இந்த மழைக்காலத்தில் செந்நிறக் குஞ்சுக் கூட்டத்தைக் கண்டால் நூலைச் சுற்றிக்கொண்டு முப்பது அடி தள்ளிப் போய்ப் போடுங்கள். குஞ்சுகள் கறுத்துப் பிரிந்து போகும்வரை அந்த இடத்தை விட்டுவிடுங்கள்.

(தொடரும்)