ரெயில் ஓடும் கோல்ப் மைதானம்!

கையில் மட்டையுடன் பந்தைக் குறி பார்க்கிறார் ஒருவர். திடீரென்று ஊதல் சத்தம்! மைதானத்தின் ஊடே ரெயில் வருகிறது. அது போகும் வரை அவர் காத்து நிற்கிறார்.

இது கொழும்பு நகரில் காணும் காட்சி. அவிசாவளைக்குப் போகும் ரெயில் பாதை இந்த மைதானத்தின் வழியாகத்தான் செல்கிறது.

சிறு பந்தை அடித்து அடித்துக் குழிக்குள் தள்ளுவதுதான் கோல்ப். மொத்தம் 18 குழிகள். குறைந்த அடிகளில் முடிப்பவருக்கே வெற்றி. சோம்பேறி ஆட்டம் என்று நினைக்காதீர்கள். முடிப்பதற்குள் 4 மணி நேரம் நடக்க வேண்டும்! கொழும்பு வெயிலில் அது லேசான காரியமா? அதனால் பலரும் காலையிலேயே இறங்கி விடுகிறார்கள்.

வெயில் ஆகாதவர்களுக்கு நுவரெலியா இருக்கிறது. உயரம் 6 ஆயிரம் அடி. குளிரும்! அங்கே 1889-ல் வெள்ளைக்காரர்கள் தங்களுக்காக மைதானம் அமைத்தார்கள். சுற்றிலும் மலைகளில் தேயிலைத் தோட்டங்கள். அங்கே கொழுந்து பறிப்பவர்களில் பெரும்பாலோர் தமிழ்ப் பெண்கள்.

கண்டிக்குப் பக்கத்தில் விக்டோரியா நீர்த்தேக்கத்தின் கரையிலும் ஒரு மைதானம் உண்டு.

இன்று வெளிநாட்டுப் பயணிகள் கட்டணம் செலுத்தி இங்கெல்லாம் ஆடலாம். மட்டையும் வாடகைக்குக் கிடைக்கும். பையைச் சுமந்து கூடவே நடக்க உள்ளூர் ஆள் வருவார். அவருக்கு அதுதான் பிழைப்பு.

2022-ல் பெட்ரோல் வாங்க டாலர் இல்லாமல் இலங்கை தவித்தது. மக்கள் நாள் கணக்கில் வரிசையில் நின்றார்கள். பயணி கொண்டு வரும் டாலரின் அருமை அவர்களுக்குத் தெரியும்.