காய்ச்சல் வந்தால் யார் கணக்கில்?

மலேசியாவின் கெடா மாநிலத்தில் கூலிமிலிருந்து லூனாஸ், பாடாங் செராய் வழியாகச் சுங்கை பட்டாணிக்கும், அங்கிருந்து பீடோங், குரூண் என்று வடக்கேயும் செல்லும் சாலைகளின் இருமருங்கிலும் முக்கால் நூற்றாண்டுக்கு முன் கண்ணுக்கெட்டிய தூரம் ரப்பர் மரங்களே நின்றன. அந்த மரங்களுக்கு நடுவே, லயத்து வீடுகளும் மாரியம்மன் கோயிலும் தமிழ்ப் பள்ளிக்கூடமும் ஒருபுறமிருக்க, பெரிய தோட்டங்களில் சற்றே ஒதுங்கினாற்போல் ஒரு கட்டடம் இருக்கும். அதற்குத் தோட்ட ஆஸ்பத்திரி என்று பெயர். பல தோட்டங்களைச் சுற்றிப் பார்க்கும் டாக்டர் எப்போதாவது காரில் வந்து போவார். மற்ற நாட்களிலெல்லாம் அங்கே ஆட்சி செலுத்தியவர், மருந்து கொடுக்கும் டிரசர் ஐயா. காய்ச்சலுக்குக் கொயினா, வயிற்றுக்கு விளக்கெண்ணெய், வெட்டுக் காயத்துக்கு அயோடின் என்று மூன்று நான்கு மருந்துகளைக் கொண்டே ஒரு சிறு தேசத்தின் ஆரோக்கியத்தை அவர் பரிபாலித்து வந்தார்.

இன்சூரன்ஸ் என்ற சொல்லை அந்த ஜனங்கள் அறிந்ததில்லை. ஆயினும் காய்ச்சலில் விழுந்தவனுக்கு மருந்து யார் செலவு என்ற கேள்வி அங்கே எழவுமில்லை, தோட்டத்துச் செலவுதான். இதைத் துரைமாரின் தயாள குணம் என்று எண்ணிவிட வேண்டாம். நாகப்பட்டினத்திலிருந்தும் சென்னையிலிருந்தும் கப்பலேற்றி, பினாங்குக்கு அருகே ஜெரெஜாக் தீவில் தொற்றுநோய்க் காவலில் வைத்திருந்து, பிறகு தோட்டத்துக்குக் கொண்டுவந்து சேர்த்த ஓர் ஆள், வேலை கற்றுக்கொள்வதற்கு முன்பே மலேரியாவில் மடிந்துபோனால் நஷ்டம் யாருக்கு என்று கணக்குப் பார்க்கத் தெரிந்தவர்கள் அவர்கள். 1907-ஆம் ஆண்டில் ஏற்பட்ட குடியேற்ற நிதியும் இந்தக் கணக்கின் பிள்ளையே. தமிழ்த் தொழிலாளரை வைத்து வேலை வாங்கும் முதலாளிகள் எல்லோரும் ஆள்கணக்குப்படி அதில் பணம் கட்ட, அப்பணத்திலிருந்து கப்பல் கட்டணம் கொடுக்கப்பட்டது. உழைக்கச் சக்தியற்றுப் போனவர்களை ஊருக்குத் திருப்பியனுப்பும் செலவும் அதிலிருந்தே வந்தது. அதன் மிச்சம் 1958-இல் தென்னிந்தியத் தொழிலாளர் நிதி என்று பெயர் மாறியது.

மலேரியாவின் கதையைச் சற்று நின்று சொல்லத்தான் வேண்டும். கொசுவின் வழியே அந்நோய் பரவுகிறதென்பதை 1897-இல் ரொனால்ட் ராஸ் சிகந்தராபாத்தில் கண்டுபிடித்தார். நான்கே ஆண்டுகளில், 1901-இல், மால்கம் வாட்சன் என்ற வைத்தியர் மலாயாவின் கிள்ளான் நகரிலும் அதன் துறைமுகத்திலும் சதுப்பு நிலங்களை வடித்து நோயை ஒடுக்கிக் காட்டினார். ஆனால் அதே வைத்தியத்தை மலைச்சரிவுத் தோட்டங்களில் செய்தபோது பலிக்கவில்லை. ஏனெனில் மலையோரத்தில் நோய் பரப்பும் கொசு, சேற்றுக் குட்டையை நாடுவதல்ல. காட்டை வெட்டி வெயில் விழச் செய்த தெளிந்த ஓடைநீரிலே முட்டையிடுவது. ரப்பர் நடுவதற்காகக் காடழித்தவர்களே கொசுவுக்குத் தொட்டில் கட்டிக் கொடுத்தார்கள் என்பது இதன் பொருள். பின்னர் ஓடைகளை நிலத்தடிக் குழாய்களில் திருப்பிவிடவும், வாரந்தோறும் கால்வாய்களில் எண்ணெய் தெளிக்கவும் ஏற்பாடு செய்த பிறகுதான் தோட்டங்களில் சாவு குறைந்தது. பெரட்டு எனப்படும் காலை ஆள்கணக்கெடுப்பில் வரிசையாக நிற்கவைத்து, விழுங்கினானா கன்னத்தில் அடக்கிக்கொண்டானா என்று வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்து டிரசர் கொடுத்த கசப்பு மருந்தைப் பற்றிக் கெடாவின் முதியவர்களிடம் கேட்டால், இன்றும் முகத்தைச் சுளித்துக் கொள்வார்கள்.

அந்தப் பாதுகாப்பு, தோட்டம் என்ற இடத்தோடு கட்டிப் போடப்பட்டிருந்தது. வேலி தாண்டினால் அது இல்லை. ஜப்பானியர் காலத்தில், 1942-இலும் 1943-இலும், மலாயாத் தோட்டங்களிலிருந்து சயாம் ரயில் பாதை வேலைக்குக் கொண்டுபோகப்பட்ட தமிழர்கள் காட்டு முகாம்களில் வாந்திபேதியில் ஆயிரக்கணக்கில் மாண்டபோது, அவர்கள் எவர் கணக்கிலும் எழுதப்படாதவர்களாகவே போய்ச் சேர்ந்தார்கள்.

இன்று அந்தத் தோட்டங்கள் பெரும்பாலும் செம்பனைக் காடுகளாகிவிட்டன. சில, வீடமைப்புத் திட்டங்களாகவும் தொழிற்பேட்டைகளாகவும் உருமாறின. பழைய தொழிலாளரின் பேரப்பிள்ளைகள் மலேசியப் பிரஜைகள். அவர்களுக்கு அரசாங்க ஆஸ்பத்திரியில் ஒரு ரிங்கிட் சீட்டுப் போதும். செம்பனைக் குலை வெட்ட இந்தோனேசியாவிலிருந்தும் வங்காள தேசத்திலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்களோ, ராமநாதபுரம், சிவகங்கை, புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து வந்து, சுங்கை பட்டாணியிலும் அலோர் ஸ்டாரிலும் உணவகம், முடிதிருத்தகம், மளிகைக்கடை ஆகியவற்றில் வேலை பார்க்கிறார்கள்.

இங்கே ஒரு வார்த்தை விசித்திரம். கூலிம் தொழிற்பூங்காவில் இயந்திரம் நிறுவ வரும் ஐரோப்பிய எஞ்சினியருக்கு மலேசியச் சட்டத்தில் ஒரு பெயர். அதே ஊர் உணவகத்தில் பரோட்டா போட வரும் நம் பிள்ளைக்கு வேறு பெயர். முன்னவருக்குத் தரப்படுவது உத்தியோக அனுமதி. பின்னவருக்குத் தற்காலிக வேலை வருகைச் சீட்டு. முன்னவர் புறப்படுவதற்கு முன்பே, வியாதி முற்றினால் விமானத்தில் தூக்கிச் செல்லும் செலவு வரை பாலிசியில் அடங்கியிருக்கிறதா என்று அவருடைய கம்பெனி பார்த்துவிடுகிறது. பின்னவர் தம் பெட்டியில் ஊறுகாய் பாட்டிலை வைக்கும் கவனத்தில் பத்தில் ஒரு பங்கைக் கூடத் தமக்குரிய காப்புறுதியின்மேல் வைப்பதில்லை. அது அவர் குற்றமென்று சொல்ல மாட்டேன், சொல்லிக் கொடுப்பவர் இல்லை.

அவருக்கு உண்மையில் மூன்று காப்புகள் உண்டு. மூன்றும் வெவ்வேறு ஆபத்துக்கு உரியவை என்பதையும், ஒன்றின் வேலையை மற்றொன்று செய்யாதென்பதையும் அறியாமல் இருப்பதே தொல்லைக்கெல்லாம் மூலம்.

முதலாவது, இந்திய அரசின் பிரவாசி பாரதீய பீமா யோஜனா. பத்தாம் வகுப்புத் தேறாதவர்களின் பாஸ்போர்ட்டில் குடிபெயர்வுச் சோதனை தேவை என்ற குறிப்பு இருக்கும். அவர்கள் மலேசியா உள்ளிட்ட சில நாடுகளுக்கு வேலைக்குச் செல்வதானால் இந்தக் காப்புறுதி கட்டாயம். 2003-இல் தொடங்கி 2017-இல் திருத்தப்பட்ட இத்திட்டத்தில், இரண்டு வருஷத்துக்கு 275 ரூபாயும் மூன்று வருஷத்துக்கு 375 ரூபாயும் வரியோடு கட்டினால், விபத்தில் மரணமோ நிரந்தர ஊனமோ நேரும்போது 10 லட்சம் ரூபாய் கிடைக்கும். கட்ட வேண்டிய சந்தா ஒரு பட்டுப் புடவையின் விலைகூட இல்லை. ஆனால் சுற்றுலா விசாவில் அனுப்பிவைத்து, 'அங்கே போனதும் மாற்றிக்கொள்ளலாம்' என்று சொல்லும் ஏஜெண்டின் பேச்சை நம்பிப் புறப்பட்டவனுக்கு இந்தக் கதவு ஆரம்பத்திலேயே சாத்தப்பட்டு விடுகிறது.

இரண்டாவது, சொக்சோ என்று மலேசியத் தமிழர் வாயில் வழங்கும் சமூகப் பாதுகாப்பு நிறுவனம். 1969-ஆம் ஆண்டுச் சட்டப்படி 1971-இல் செயற்படத் தொடங்கிய இதிலிருந்து 1993-இல் அயல்நாட்டுத் தொழிலாளர் விலக்கப்பட்டு, பழைய நஷ்டஈட்டுச் சட்டத்தின் கீழ் விடப்பட்டார்கள். இருபத்தாறு ஆண்டுகள் சென்று, 2019 ஜனவரி முதல் மீண்டும் சேர்த்துக் கொள்ளப்பட்டார்கள். வேலை செய்யும் இடத்தில் அடிபட்டாலும், வேலைக்குப் போய்வரும் வழியில் அடிபட்டாலும், வைத்தியச் செலவும், வேலை செய்ய இயலாத நாட்களுக்குத் தினக்கூலியில் 80 சதவீதமும் இதில் கிடைக்கும். இந்த விபத்துக் காப்புக்கான சந்தா, சம்பளத்தில் 1.25 சதவீதம், முழுவதும் முதலாளியின் பொறுப்பு; தொழிலாளியின் கூலியில் அதைப் பிடிக்கக் கூடாது. விபத்து நடந்து 48 மணி நேரத்துக்குள் முதலாளி சொக்சோவுக்குத் தெரிவிக்க வேண்டும். 'இரண்டு நாள் ஓய்வெடு, சரியாகிவிடும்' என்ற அன்பான வார்த்தையில் இந்த 48 மணி நேரம் கரைந்துபோவதுண்டு.

மூன்றாவது, 2011-இல் வந்த ஆஸ்பத்திரிக் காப்புறுதி. மலாய் மொழிச் சுருக்கப்படி ஸ்பிக்பா. வேலையோடு சம்பந்தமில்லாத வியாதிக்கு, அரசாங்க ஆஸ்பத்திரி வார்டில் படுத்துப் பெறும் சிகிச்சைக்கு உதவுவது. ஆண்டுக்கு 120 ரிங்கிட் சந்தாவில், முதலில் 10,000 ரிங்கிட் வரை என்று தொடங்கினார்கள். அயல்நாட்டார் வார்டில் சேர முன்பணமே ஆயிரம் ரிங்கிட்டுக்குமேல் கேட்கப்படுவதால், இந்தக் காப்புறுதி அட்டை கையில் இல்லாதவன் வாசலிலேயே நின்றுவிட நேரும். இதைக் கட்டாயமாக்கியபோது இரண்டு கூட்டத்தாருக்கு மட்டும் விலக்கு அளித்தார்கள்: வீட்டு வேலைக்காரப் பெண்கள், தோட்டத் தொழிலாளர். தோட்டத்தில் வேலை செய்பவனுக்கு வைத்தியம் பார்ப்பது தோட்டத்தின் கடமை என்று பழைய சட்டங்களிலும், 1990-இன் தொழிலாளர் வசதிச் சட்டத்திலும் இருப்பதுதான் இதற்கு நியாயம் போலும். டிரசர் ஐயாவின் நிழல் இன்னும் சட்டப் புத்தகத்தில் நடமாடுகிறது. அவருடைய ஆஸ்பத்திரியோ பல இடங்களில் கூரையிழந்து லாலான் புல் மண்டிக் கிடக்கிறது.

தோட்டத்து ஆபத்துகள் அப்படி மறைந்துவிடவில்லை. செம்பனையில் குலை வெட்டும் அரிவாளை நீண்ட அலுமினியக் கழியில் பொருத்தி உயர்த்தும்போது, மேலே ஓடும் மின்கம்பியில் அது உரசினால் நொடியில் உயிர் போகும்; ஆகவே கம்பி செல்லும் வரிசையில் வெட்டுவதற்கு முன் மேற்பார்வை பார்க்கும் மண்டோரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும், மழைத் தூறலில் வெட்டவே கூடாது. களைக்கு அடிக்கும் மருந்துகளில் மிகக் கொடியதான பாராகுவாட்டை மலேசியா 2002-இல் தடுத்து, 2006-இல் தளர்த்தி, 2020 ஜனவரியில் முற்றிலும் விலக்கியது. அந்த இடைக்காலத்தில் முதுகில் தொட்டியைச் சுமந்து மருந்தடித்தவர்கள் பெரும்பாலும் பெண்கள், அவர்களிலும் தமிழ்ப் பெண்கள் மிகுதி. எலியின் சிறுநீர் கலந்த தேங்கிய நீரில் வெறுங்காலோடு நின்றால் எலிக்காய்ச்சல் வரும். சாதாரணக் காய்ச்சலென்று மாத்திரை விழுங்கிக் கிடந்தால் சிறுநீரகம் வரை போய்விடும்.

பாம்பைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். கெடா, பெர்லிஸ் பகுதிகளில் மிகுதியாகக் காணப்படும் மலாயா குழிவிரியன், காலடி ஓசை கேட்டு ஓடும் ஜாதியல்ல. உதிர்ந்த இலையின் நிறத்தில் சுருண்டு, மிதிபடும் வரை அசையாமல் கிடப்பது. விடியற்காலை இருட்டில் ரப்பர் மரம் சீவப் போன தொழிலாளிகள் அதனிடம் ஏராளமாகக் கடிபட்டார்கள். 1950-களில் பினாங்கு ஆஸ்பத்திரியில் இருந்த அலிஸ்டேர் ரீட் என்ற டாக்டர் இவ்விஷத்தை நுணுகி ஆராய்ந்து உலகறியச் செய்தார். இறுகக் கட்டுவதும், கீறி ரத்தம் எடுப்பதும், வாயால் உறிஞ்சுவதும் நன்மையைவிடத் தீங்கே அதிகம் செய்பவை. கால் அசையாமல் படுக்கவைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதே வழி. பாம்பைத் தேடி அடித்துக்கொண்டு வரப் புறப்படுகிற நண்பர்கள் இரண்டாவது நோயாளியாகத் திரும்புவார்கள்.

ஆனால் ஆஸ்பத்திரிக்குப் போகவே அஞ்சுகிறவர்களும் உண்டு. வேலைச் சீட்டு இல்லாத அயல்நாட்டார் சிகிச்சைக்கு வந்தால் குடிநுழைவு இலாகாவுக்குத் தெரிவிக்கும்படி 2001-இல் சுகாதார அமைச்சு பிறப்பித்த சுற்றறிக்கை அந்த அச்சத்துக்கு வேர். முதலாளியிடமிருந்து ஓடிப்போனவன், சீட்டுப் புதுப்பிக்கப்படாதவன் ஆகிய இருவருமே வியாதியை விடக் காகிதத்துக்கு அதிகமாகப் பயப்படுகிறார்கள். சீட்டு காலாவதியாவது பெரும்பாலும் தொழிலாளி செய்யும் பிழையன்று. அதைப் புதுப்பிக்க வேண்டியவர் முதலாளி. அவ்விதம் திக்கற்று நிற்பவனுக்கும், அங்கே இறந்தவனின் உடலை ஊர் கொண்டுசேர்க்க வகையற்ற குடும்பத்துக்கும் உதவ, 2009-இல் ஏற்பட்ட இந்தியச் சமுதாய நல நிதி கோலாலம்பூர் இந்தியத் தூதரகத்தில் இருக்கிறது.

சுங்கை பட்டாணியில் ஓர் உணவகத்தில் இரவு பத்து மணிக்குமேல் டீ குடித்துக்கொண்டிருந்தபோது, திருமயம் பக்கத்துப் பையன் ஒருவன் எனக்கு அறிமுகமானான். கையில் எண்ணெய் தெறித்த தழும்பு. "சொக்சோ இருக்காப்பா உனக்கு?" என்று கேட்டேன்.

"இருக்குன்னு சொன்னாங்கண்ணே. அட்டையெல்லாம் முதலாளி மேசையிலதான்."

"பாஸ்போர்ட்டும் அங்கேயா?"

"அதுவும் அங்கதான். பத்திரமா இருக்கும்னாரு."

பிறர் பாஸ்போர்ட்டை வைத்துக்கொள்வது 1966-ஆம் ஆண்டு மலேசியப் பாஸ்போர்ட் சட்டப்படி குற்றமென்று அவனுக்குச் சொன்னேன், பயந்துவிட்டான். முதலாளியோடு சண்டை போடச் சொல்லவில்லை, கேட்டு வாங்கிப் பார்த்து எண்களை மட்டுமாவது எழுதிக்கொள் என்றேன். மறுவாரம் அதே மேசையில் என்னைக் கண்டதும் ஓடிவந்தான்.

"கேட்டேன்ணே. கொடுத்துட்டாரு. பாஸ்போர்ட்டு, பெர்மிட்டு, சொக்சோ, ஆஸ்பத்திரி அட்டை நாலையும் போட்டோ எடுத்து அம்மாவுக்கு அனுப்பிட்டேன். ஊர்ல கட்டின பாலிசியோட நம்பர்தான் எங்க இருக்குன்னு தெரியல."

"ஏஜெண்டுகிட்ட இருக்கும். நாளைக்கே போன் பண்ணிக் கேளு."

"அந்த ஆளு போன் எடுக்க மாட்டேங்கறாருண்ணே" என்று சொல்லிவிட்டு, ஏழாம் நம்பர் மேசைக்கு ரொட்டி சானாய் கொண்டுபோனான்.