கப்பலுக்கும் விமானத்துக்கும் ஒரே தலைப்பு

இலங்கையின் சீனன்குடாவில் விமானத்தளமும் துறைமுகக் கரையும் அருகருகே இருக்கின்றன. மாவாலைக்குக் கோதுமை ஏற்றிவரும் கப்பலும் எண்ணெய்க் குதங்களைத் தேடி வரும் கப்பலும் 'நான் இன்னார், இப்போது இங்கே' என்று வானொலி அலையில் தாமாகவே அறிவித்தபடி உள்ளே வரும். ஏஐஎஸ் என்ற தானியங்கி அடையாள முறைமையின் வேலை அது. சர்வதேசப் பயணம் செய்யும், 300 மொத்தத் தொன்னுக்குக் குறையாத கப்பல்களுக்கு அது கட்டாயம். கடலில் ஆள் தேடும் மீட்பு விமானத்துக்கும் இதே அலைவரிசையில் இடம் வைத்திருக்கிறார்கள்.

கப்பல் வேறு, விமானம் வேறு. ஆனால் இரண்டும் அனுப்பும் பொதியின் தலைப்பான முதல் 38 பிட்களுக்கு ஒரே வரையறைதான். முதல் 6 பிட் செய்தியின் வகை. அடுத்த 2 பிட், இது எத்தனை முறை மறு ஒலிபரப்பானது என்பது. மீதி 30 பிட் அடையாள எண். ஒன்பது இலக்க எண் எதுவானாலும் 30 பிட்டில் அடங்கும், 29 போதாது. இலங்கைக் கப்பலின் எண் 417 என்று தொடங்கும். மீட்பு விமானமானால் அதற்கு முன்னால் 111 வரும்.

பொதியைச் சுற்றிய உறையோ இரவல். 1970களில் கம்பி வழியே கணினிகளைப் பேசவைத்த எச்டிஎல்சி நெறிமுறையிலிருந்து எடுத்தது. 01111110 என்ற கொடி, பொதியின் தொடக்கத்தையும் முடிவையும் காட்டும். உள்ளே ஐந்து ஒன்றுகள் சேர்ந்து வந்தால் அனுப்புகிறவர் ஒரு பூச்சியத்தைச் செருகுவார், வாங்குகிறவர் அதை எடுத்துவிடுவார். கம்பிக்காகச் செய்த இந்த ஏற்பாடு கடற்காற்றிலும் பிசகாமல் நடக்கிறது.

எனக்கு மிகவும் பிடித்த இடம் தலைப்பை அடுத்து வருகிறது. கப்பலுக்கான வகை 1 செய்தியில் நங்கூரமிட்டு நிற்கிறதா என்பது போன்ற நிலையைச் சொல்ல 4 பிட், எவ்வளவு வேகமாகத் திரும்புகிறது என்று சொல்ல 8 பிட். விமானத்துக்கான வகை 9 செய்தியில் அந்த 12 பிட்டும் உயரத்துக்குப் போய்விடுகின்றன. அதனால் பின்னால் வரும் வேகம், நெடுங்கோடு, அகலக்கோடு, செல்திசை எல்லாம் இரண்டிலும் அதே இருக்கையிலேயே அமர்கின்றன. நிரல் எழுதுகிறவர் ஒரே வரையறையை இரண்டுக்கும் வைத்துக்கொள்ளலாம்.

வேகத்தில் மட்டும் அவர் நிதானிக்க வேண்டும். அதே 10 பிட்தான், அதே இடம்தான், அளவு வேறு. கப்பல் பத்தில் ஒரு நொட்டாக எண்ணும், விமானம் முழு நொட்டாக எண்ணும். பெட்டிக்குள் 120 என்று இருந்தால், வகை 1 என்றால் அது 12 நொட்டில் மெல்ல வரும் கப்பல். வகை 9 என்றால் 120 நொட்டில் பறக்கும் விமானம்.