ஆஸ்டியோபதி படித்தால் ஸ்கேன் டாக்டர் ஆகலாமா?

மாணவர்களே, சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை கூடுதல் வகுப்பு முடிந்ததும், ஐந்தாம் படிவ மாணவி ஒருத்தி என் மேசைக்கு வந்தாள். கையில் கல்விக் கண்காட்சியில் கொடுத்த ஒரு கையேடு.

"டீச்சர், ஆஸ்டியோபதி படிச்சா ஸ்கேன் பார்க்கிற டாக்டர் ஆகலாமா?"

"முடியாதும்மா" என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்தேன். அவள் விடவில்லை. கைப்பேசியில் ஒரு காணொளியைக் காட்டினாள். அமெரிக்காவில் ஒரு கதிரியல் நிபுணர் பேசுகிறார். அவர் பெயருக்குப் பின்னால் டி.ஓ. என்று இருந்தது. அது ஆஸ்டியோபதி மருத்துவப் பட்டம். "அப்போ இவங்க மட்டும் எப்படி ஆனாங்க?"

என் பதில் டெங்கிலுக்குச் சரி, அந்தக் காணொளிக்குத் தவறு. அவளுடைய அப்பா கல்விக் கடனுக்கு விசாரிக்கத் தொடங்கிவிட்டாராம். அவளை அரைகுறைப் பதிலோடு அனுப்ப மனம் வரவில்லை. தேடிப் படித்து அடுத்த வாரம் அவளுக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். மருத்துவமனையில் உங்களை நிற்கவைத்து, "மூச்சை இழுத்துப் பிடிங்க" என்று சொல்லி எக்ஸ்ரே எடுப்பவர் கதிரியல் நிபுணர் அல்லர். அவர் ரேடியோகிராஃபர். அதற்கு மருத்துவப் பட்டம் தேவையில்லை, தனிப் படிப்பு உண்டு. அவர் எடுத்த படத்தைப் பார்த்து, நுரையீரலில் தெரியும் வெள்ளைப் புள்ளி காசநோயா, கட்டியா, பழைய தழும்பா என்று அறிக்கை எழுதுபவர்தான் கதிரியல் நிபுணர், அதாவது ரேடியாலஜிஸ்ட். அவர் முதலில் முழு மருத்துவராக இருக்க வேண்டும். (பலர் இத்துறையைக் 'கதிரியக்கவியல்' என்று எழுதுகிறார்கள். எக்ஸ்ரே கதிரியக்கப் பொருளிலிருந்து வருவதில்லை, அல்ட்ராசவுண்டில் இருப்பது வெறும் ஒலி. அதனால் நான் 'கதிரியல்' என்றே எழுதுகிறேன்.)

இனி அந்தப் பெயருக்கு வருவோம். மலேசியாவில் ஆஸ்டியோபதி என்பது எலும்பு, தசை, மூட்டுகளைக் கையால் அழுத்தியும் அசைத்தும் செய்யும் சிகிச்சை. 2016ஆம் ஆண்டின் பாரம்பரிய, நிரப்பு மருத்துவச் சட்டத்தின் கீழ் அது வருகிறது. அதைப் படித்தவர் மலேசிய மருத்துவ மன்றத்தில் மருத்துவராகப் பதிவு பெறுவதில்லை. எனவே கதிரியலுக்குள் நுழையும் பேச்சே இல்லை. அது கௌரவமான தொழில்தான், ஆனால் வேறு தொழில்.

அமெரிக்காவில் கதை வேறு. ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில் என்ற மருத்துவர் 1892இல் மிசூரி மாநிலத்தின் கிர்க்ஸ்வில் என்ற சிற்றூரில் முதல் ஆஸ்டியோபதிக் கல்லூரியைத் தொடங்கினார். ரோன்ட்கன் எக்ஸ்ரேயைக் கண்டுபிடித்தது 1895இல். 1898லேயே அந்தக் கல்லூரியில் எக்ஸ்ரே கருவி இருந்தது! (நம் தைப்பிங் மருத்துவமனையும் சளைத்ததல்ல. அங்கே 1897இல் வந்துவிட்டது என்கிறது வரலாறு.) காலப்போக்கில் அந்தக் கல்லூரிகள் மருந்தியல், அறுவை சிகிச்சை எல்லாவற்றையும் கற்பிக்கத் தொடங்கின. இன்று அங்கே டி.ஓ. பட்டம் பெற்றவருக்கு 50 மாநிலங்களிலும் எம்.டி. பட்டம் பெற்றவருக்கு உள்ள அதே உரிமை. கையால் செய்யும் சிகிச்சையைக் கூடுதலாகச் சுமார் 200 மணி நேரம் படிக்கிறார்கள், அவ்வளவுதான். அமெரிக்க மருத்துவ மாணவர்களில் நான்கில் ஒருவர் இப்போது டி.ஓ. கல்லூரியில் படிக்கிறார்.

அப்படியானால் இருவருக்கும் கதிரியலில் சம வாய்ப்பா? இங்கேதான் ஒரு சுவையான கணக்கு வருகிறது.

அமெரிக்காவில் நிபுணர் பயிற்சி இடங்களை ஒரு கணினி நிரல் பங்கிடுகிறது. 'மேட்ச்' என்று பெயர். 1952 முதல் நடக்கிறது. மாணவர் தமக்குப் பிடித்த மருத்துவமனைகளை வரிசைப்படுத்துவார். மருத்துவமனை, தான் நேர்காணல் செய்த மாணவர்களை வரிசைப்படுத்தும். இரண்டு பட்டியலையும் கணினி பொருத்தும். இந்த வகைப் பொருத்தத்தின் கணிதத்தை டேவிட் கேல், லாயிட் ஷேப்லி இருவரும் 1962இல் எழுதினார்கள். ஆல்வின் ராத் அமெரிக்க முறையைத் திருத்தியமைத்தார், 1998 முதல் அதுதான் நடப்பில் உள்ளது. ஷேப்லிக்கும் ராத்துக்கும் 2012இல் பொருளியல் நோபல் பரிசு கிடைத்தது.

ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள். அ, ஆ, இ என மூன்று மாணவர்கள். ஆற்றங்கரை, மலையடி என இரண்டு கற்பனை மருத்துவமனைகள். ஒவ்வொன்றிலும் ஒரே ஓர் இடம். அ, இ இருவருக்கும் முதல் விருப்பம் ஆற்றங்கரை, அடுத்தது மலையடி. ஆவுக்கு முதலில் மலையடி, பிறகு ஆற்றங்கரை. ஆற்றங்கரையின் பட்டியல்: ஆ, அ. இ என்பவரை அது நேர்காணலுக்கே அழைக்கவில்லை. மலையடியின் பட்டியல்: அ, இ, ஆ.

அ ஆற்றங்கரையைக் கேட்கிறார். தற்காலிகமாக இடம் கிடைக்கிறது. ஆ மலையடியைக் கேட்கிறார், அங்கும் தற்காலிகமாகச் சரி. இ ஆற்றங்கரையைக் கேட்டால், பட்டியலில் பெயரே இல்லை. மலையடிக்குப் போகிறார். அங்கே ஆவைவிட இ மேலே இருப்பதால் ஆ வெளியேறுகிறார். வெளியேறிய ஆ ஆற்றங்கரைக்குப் போகிறார். அங்கே ஆவுக்குத்தான் முதலிடம், ஆகவே அ வெளியே. அவர் மலையடிக்குப் போக, இப்போது இ வெளியே. முடிவு: அ மலையடியில், ஆ ஆற்றங்கரையில், இ எங்குமே இல்லை.

வேடிக்கையைக் கவனித்தீர்களா? இ போட்டியிடாமலே இருந்திருந்தால் மற்ற இருவருக்கும் முதல் விருப்பமே கிடைத்திருக்கும். இவுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை, ஆனால் எல்லாருடைய இடமும் மாறிவிட்டது. மருத்துவமனைகளுக்குத்தான் லாபம், இரண்டுக்கும் தங்கள் முதல் தேர்வே வந்து சேர்ந்தது. இப்போது ஆற்றங்கரை இவை நேர்காணல் செய்து, பிடித்துப்போய், முதலிடத்தில் வைத்திருந்தால் என்ன ஆகும்? நீங்களே போட்டுப் பாருங்கள். யார் வெளியே நிற்கிறார் என்று பார்த்தால் வியப்பீர்கள்.

கணினிக்கு எம்.டி., டி.ஓ. என்ற வேறுபாடே தெரியாது. பட்டியலில் பெயர் இருக்கிறதா, எத்தனையாவது இடம் என்பதை மட்டுமே அது பார்க்கும். பாகுபாடு இருந்தால் அது கணினிக்கு முன்பே, நேர்காணல் கடிதத்தில் நடந்து முடிந்துவிடும். 2020 வரை டி.ஓ. பட்டதாரிகளுக்கெனத் தனிப் பயிற்சி இடங்களும் இருந்தன. பிறகு எல்லாம் ஒரே அமைப்பின் கீழ் வந்துவிட்டன. 2024 மேட்ச்சில் எல்லாத் துறைகளையும் சேர்த்து, முதலாண்டுப் பயிற்சி இடம் பெற்ற எம்.டி. இறுதியாண்டு மாணவர்கள் 93.5 விழுக்காடு, டி.ஓ. மாணவர்கள் 92.3 விழுக்காடு. ஏறத்தாழ சமம்தான். ஆனால் கதிரியல் போலப் போட்டி மிகுந்த துறைகளில் இடைவெளி இதைவிடப் பெரிது.

ஏன்? பல டி.ஓ. கல்லூரிகளுக்குச் சொந்தப் போதனா மருத்துவமனை கிடையாது. மாணவர்கள் ஊர் ஊராகச் சிறு மருத்துவமனைகளில் பயிற்சி எடுக்கிறார்கள். அங்கே பெரிய கதிரியல் துறை இல்லையென்றால் பரிந்துரைக் கடிதம் யார் எழுதுவது, ஆய்வு யாரோடு செய்வது? அவர்களுக்குத் தனித் தேர்வு இருந்தும், எம்.டி. மாணவர் எழுதும் தேர்வையும் பலர் சேர்த்தே எழுதுகிறார்கள். தேர்வாளர்களுக்கு ஒப்பிட எளிதாக இருக்கட்டும் என்றுதான். ஒரே வேலைக்கு இரண்டு முறை வியர்வை சிந்துவது நியாயமாக எனக்குப் படவில்லை. இருந்தும் ஒவ்வோர் ஆண்டும் பலர் உள்ளே போகிறார்கள். காணொளியில் வந்தவர் அப்படிப் போனவர்.

நம் நாட்டில் பட்டத்தின் பெயரால் இந்தத் தடை இல்லை. இங்கே நெரிசல் வேறு இடத்தில். அங்கீகரிக்கப்பட்ட மருத்துவப் பட்டம், இரண்டாண்டு ஹவுஸ்மேன்ஷிப், பிறகு மருத்துவ அதிகாரியாகச் சேவை. அதன்பின் மலாயாப் பல்கலைக்கழகம், யுகேஎம், யுஎஸ்எம் போன்றவற்றில் நான்காண்டு முதுகலை, அல்லது இங்கிலாந்தின் எஃப்.ஆர்.சி.ஆர். தேர்வெழுதும் இணைவழி. இடங்கள் குறைவு, காத்திருப்பவர்கள் அதிகம். 2016 டிசம்பர் முதல் புதிய மருத்துவர்கள் ஒப்பந்த அடிப்படையில் சேர்க்கப்பட்டார்கள். 2021 ஜூலை 26இல் அவர்கள் நடத்திய ஹர்த்தால் உங்களுக்கு நினைவிருக்கலாம். நிபுணர் பயிற்சிக்கான வாய்ப்பும் அவர்களுடைய கோரிக்கைகளில் ஒன்று.

ஆகவே எந்தக் கையேட்டை வாங்கினாலும், பணம் கட்டுமுன் ஒன்றைப் பாருங்கள். அந்தப் பட்டம், அந்தக் கல்லூரியின் பெயரோடு, மலேசிய மருத்துவ மன்றத்தின் அங்கீகாரப் பட்டியலில் இருக்கிறதா? கண்காட்சியில் முகப்பில் நிற்பவர் சொல்வதை மட்டும் நம்பாமல், மன்றத்தின் பட்டியலையே திறந்து பாருங்கள்.

அந்த மாணவி எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கையேட்டை மடித்துப் புத்தகத்துக்குள் வைத்தாள். அவளுடைய அடுத்த கேள்வி வேறு மாதிரி இருந்தது. "டீச்சர், அப்போ உயிரியல் நல்லா செஞ்சா போதும்தானே? பௌதிகம் எனக்கு வரவே மாட்டேங்குது."

எஃப்.ஆர்.சி.ஆர். முதல் தேர்வில் இரண்டே பாடங்கள் என்றேன். ஒன்று உடற்கூறியல், மற்றொன்று பௌதிகம்.